சாக்ஸ் சொன்ன சேதி

"சார், எனக்கு மொத்தமே பன்னிரண்டு பக்கம்தான். கொஞ்சம் முன்னாடி விடுங்களேன்..."

"எனக்கு நூத்தி எண்பது. வரிசைன்னு ஒண்ணு இருக்குங்க."

சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். பாதி மழையிலும் பாதி ஜெராக்ஸ் கடையிலுமாக நின்றுகொண்டிருந்தாள் அவள். நர்ஸ் சீருடை, மார்போடு அணைத்த பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகிதங்கள். இமையிலிருந்து ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கோபப்படுகிற கண்ணுக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று தோன்றியது அவனுக்கு. அன்றைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

எதிர்க் கட்டடத்தில் ஒரு அறக்கட்டளை இருந்தது. மருத்துவத்தில் புதுக் கண்டுபிடிப்புகளுக்கு ஒரு நிதியுதவி, நோயாளிகளுக்குத் துணை நிற்கும் திட்டங்களுக்கு இன்னொன்று என்று வருஷத்துக்கு ஒரு முறை தருவார்கள். மூன்று பிரதிகள் வேண்டும். கடைசி நாள் இன்று, மாலை நாலு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். இப்போது மணி மூன்று.

அவன் இன்ஜினியர். இருந்த வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷம் உட்கார்ந்து, சர்க்கரை நோயாளிகளுக்காக ஒரு சாக்ஸ் செய்திருந்தான். பாதத்தில் எங்காவது சூடோ அழுத்தமோ ஏறினால், புண்ணாவதற்கு முன்பே போனில் அலாரம் அடிக்கும். இந்த உதவி கிடைக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

இயந்திரம் துப்பிய பக்கங்களில் ஒன்றில், சாக்ஸ் நேரத்தோடு பதிவு செய்த நடையின் வரைபடம் இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது யாரோட காலு?"

"எங்க அம்மாவோடது. போன வருஷம் இடது பாதத்துல புண் வந்து ரெண்டு மாசம் படுக்கையில இருந்தாங்க. இதைப் போட்டு ஆறு மாசமாச்சு. ஒரு தடவைகூட அலாரம் அடிக்கலை."

"தினம் காலையில அஞ்சரைக்கு ஒரு மணி நேரம் விடாம நடக்கிறாங்களா?"

"நடக்கிறாங்களே."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் எந்திரிக்கவே எட்டாகும். கருவியே சொல்லுதே, தனியா வேற பார்க்கணுமா?"

அவள் வரைபடத்தின் மேல் விரலை வைத்தாள். "புண் ஆறினவங்க அந்தக் காலை ஊனவே பயப்படுவாங்க சார். தினமும் முப்பது பாதம் பார்க்கிறேன். இதுல ரெண்டு காலும் சமமா விழுது. இது வேற யாரோ..."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அது போதும், அவனுக்குச் சுருக்கென்றது.

"கட்டுப் போடறது உங்க வேலை சிஸ்டர். வரைபடம் படிக்கிறது என் வேலை."

அந்தக் கண்கள் சட்டென்று அணைந்தன. "சரிங்க, சாக்ஸ் சார்," என்றாள். கடைக்காரர் இன்னொரு இயந்திரத்தில் அவளுடைய பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தார். மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தான். பிறகு வீட்டுக்குப் போன் போட்டான்.

"அம்மா, சாக்ஸ் போட்டிருக்கியா?"

போன் கை மாறியது. அப்புறம் அப்பாவின் குரல் வந்தது.

"அவளைத் திட்டாதடா... அவளுக்கு அது கணுக்கால்ல உறுத்துதாம். நீ பட்ட பாடு வீணாப் போகக் கூடாதேன்னு நான்தான் மாட்டிக்கிட்டு வாக்கிங் போறேன்."

"ஆறு மாசமாவா?"

"நல்லா கதகதன்னு இருக்குடா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கமிட்டியில் யாருக்கும் இது தெரியப் போவதில்லை. அப்படியே கொடுத்துவிடலாம்... ஆனால் அலாரம் அடிக்கவில்லை என்ற நம்பிக்கையில் ஆறு மாசமாக அம்மாவின் பாதத்தை யாருமே பார்க்கவில்லை.

பேனாவை எடுத்து மூன்று பிரதியிலும் எழுதினான். 'இது நோயாளியின் பாதம் அல்ல, அவருடைய கணவரின் பாதம். நோயாளி இதை அணியவில்லை. நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.' மணி மூன்று ஐம்பதுக்குக் கவுண்டரில் நீட்டினான்.

அவள் கட்டடத்தின் படியில் மழை விடக் காத்திருந்தாள்.

"சிஸ்டர்... அது எங்க அப்பா காலு."

சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை. "அப்ப அம்மா காலை யார் பார்த்தது?"

மழை விடக் காத்திராமல் அவள் படியிறங்கினாள். "வீடு எங்கே?"

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் இடது பாதத்தை மடியில் வைத்துத் திருப்பினாள். பெருவிரலுக்குக் கீழே சிவந்து, சூடாக, ஒரு கொப்புளம். சர்க்கரையில் மரத்துப்போன பாதம், அம்மாவுக்கு அது உறைக்கவே இல்லை. "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா மறுபடியும் படுக்கைதான்மா," என்றாள். அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதற்கப்புறம் வியாழக்கிழமைதோறும் டியூட்டி முடிந்து நாலு மணிக்கு வந்தாள். நாலு அடிக்கும்போதே அவன் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். அப்படிப் பேசியவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் எதிரில் நிற்பான்?

"அந்தப் பொண்ணு வர்றப்பல்லாம் உனக்கு மாடியில என்னடா வேலை?" என்று கேட்டாள் அம்மா.

"கீழே சிக்னல் கிடைக்கலைம்மா."

ஏழாவது வாரம் அறக்கட்டளையிலிருந்து கடிதங்கள் வந்தன. வீடு வீடாகப் போய்ப் பாதம் பார்க்கும் அவளுடைய திட்டம் தேர்வாகியிருந்தது. அவனுக்கு இந்த வருஷம் இல்லை. உண்மையை எழுதியதைப் பாராட்டி, நிஜ நோயாளிகள் அணிந்த பதிவுகளோடு அடுத்த வருஷம் வரச் சொல்லியிருந்தார்கள். அவளைத் தவிர நோயாளிகளுக்கு அவன் எங்கே போவான்? கடையைக் கட்டுவதற்கு முன்னால் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று அந்த வியாழக்கிழமை மாடிக்குப் போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அம்மாவின் கால் சுத்தமாக ஆறியிருந்தது. மருந்துப் பையை மூடிக்கொண்டிருந்தவளிடம் எழுந்து போய்ச் சொன்னான்.

"உறுத்தின தையலை எடுத்துட்டேன். அம்மாவே இப்போ போட்டுக்கிறாங்க. உங்க நோயாளிங்க சிலபேர் போட்டுப் பார்த்தா..."

"முதல்ல வரைபடத்தைக் காட்டுங்க. யாரோட காலு?"

"என்னோடது. ஆறு வாரமா நானே போட்டுச் சோதிச்சேன்."

வாங்கிப் படித்தாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார், பக்கம் திருப்பவில்லை. அம்மா தன் பாதத்தையே முதல் தடவையாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்த நாளெல்லாம் ஒழுங்கா இருக்கு. வியாழக்கிழமை மட்டும் என்ன இது?" என்றாள். "நாலு மணிக்குப் படி ஏறியிருக்கு. அப்புறம் நாற்பது நிமிஷம் முன்னாடியும் பின்னாடியும் நடை... கடைசியில நான் கேட்டைத் திறந்து கிளம்புற நேரத்துக்கு ஒரே இடம். எடை முழுக்க விரல் நுனியில. எட்டிப் பார்க்கிற மாதிரி..."

அவனுக்குக் காது சுட்டது. "கருவியில ஏதாவது கோளாறா இருக்கும்."

"கருவியே சொல்லுதே, தனியா வேற பார்க்கணுமா?"

அவன் சொன்ன அதே வார்த்தை. நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு அணைந்த கண்கள் இப்போது குறும்பாகச் சிரித்துக்கொண்டிருந்தன. இனிமேல் ஓட மாடியும் இல்லை.

"கோளாறு இல்லைங்க. உங்களைத்தான் பார்த்தேன்... ஆறு வாரமும். அன்னிக்குப் பேசினது தப்பு. மன்னிப்புக் கேட்கத் தைரியம் வரலை, உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லவும் வரலை."

அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

"அம்மா கால் ஆறிடுச்சு. அடுத்த வாரம் நான் வர வேண்டிய அவசியமில்லை..."

அவன் முகம் வாடியது. அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"ஆனா வருவேன். வரைபடம் படிக்கிறது உங்க வேலைதானே சாக்ஸ் சார்? பத்து நிமிஷக் கட்டுக்கு நான் ஏன் ஆறு வாரமும் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"