ஆடம் ரின்டூலின் மனைவி

எஃபி ரின்டூலுக்குப் பத்து வயது. அவளுடைய பள்ளிக்கூடத்திலேயே அவள் கையெழுத்துதான் அழகு. அதுதான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் ஞாயிறன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சிதறிக் கிடக்கும் ரின்டூல் குடும்பத்தார் எல்லோரும் தேவாலயத்துக்குப் பின்னால் மர நிழலில் கூடுவார்கள். யாராவது ஒருவர் குடும்பப் பட்டியலை உரக்கப் படிப்பார். பிறகுதான் சாப்பாடு. இந்த வருடம் பழைய பட்டியலை எலி தின்றுவிட்டதால் புதிதாக எழுதும் வேலை எஃபிக்கு வந்தது.

நீளமான தாளை மேசைமேல் விரித்து, தலைப்பில் 'ஆடம் ரின்டூல்' என்று எழுதினாள். ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். அவருக்கு டேவிட், பீட்டர் என்று இரட்டைப் பிள்ளைகள்.

அங்கே பேனா நின்றுவிட்டது.

"டேவிட்ட முதல்ல போடு, கண்ணு," என்றார் ஆர்ச்சி தாத்தா. அவர் டேவிட்டின் பேரன்.

"ஏன்? பீட்டர்தானே மூத்தவரு," என்றார் வால்டர் தாத்தா. அவர் பீட்டரின் பேரன்.

"நீ பக்கத்துல நின்னு பாத்தியா?"

"நீ மட்டும் பாத்தியாக்கும்."

போன வருடம் இதே பேச்சில்தான் வால்டர் தாத்தா கோபித்துக்கொண்டு, தன் ஆட்கள் பதினொரு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பதினொரு பேரில் எஃபியின் உயிர்த்தோழி ரூத்தும் ஒருத்தி. அதன்பிறகு கிறிஸ்துமஸ்வரை அவளைப் பார்க்கவே விடவில்லை. இப்போது ரூத் எதிரில் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, முகம் வாடி நின்றாள்.

"தாத்தா, யாரு முதல்ல பொறந்தாங்கன்னு அவங்க அம்மாவுக்குத்தானே தெரியும்?" என்றாள் எஃபி. "அவங்க பேரு என்ன?"

ஆர்ச்சி தாத்தா வால்டர் தாத்தாவைப் பார்த்தார். வால்டர் தாத்தா ஆர்ச்சி தாத்தாவைப் பார்த்தார்.

"எங்க தாத்தா அவங்கள அம்மான்னுதான் கூப்பிட்டிருப்பாரு," என்றார் ஆர்ச்சி தாத்தா.

"ஏன் தாத்தா, பேரு இல்லாமலா இருந்திருப்பாங்க?" என்றாள் ரூத். நாற்பது பேர் கூடியிருந்தார்கள். ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை.

எஃபி பேனாவை வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். ரூத்தும் கூட ஓடினாள்.

ஆடம் ரின்டூலின் கல் ஓரமாக நின்றது. ஆடம் பெயர், ஊர், இறந்த தேதி எல்லாம் இருந்தன. கீழே 'இவருடன் இவர் மனைவி' என்று ஒரு வரி. அதற்குக் கீழே புல்.

எஃபி கல்லின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். எழுத்து தட்டுப்பட்டது.

"கல்லு மண்ணுல எறங்கிடுச்சு, ரூத். மிச்சம் கீழ இருக்கு."

ரூத் ஓடிப்போய் ஒரு பெரிய கரண்டியைக் கொண்டு வந்தாள். எஃபியின் அம்மா பின்னாலேயே வந்தாள்.

"ஏய், அது உருளைக்கிழங்குக் கரண்டி."

"கழுவித் தந்துடறேம்மா."

எஃபி மெதுவாகத் தோண்டினாள். வேர்கள் தடுத்தன. ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் ஆர்ச்சி தாத்தா.

"நகரு கண்ணு, கல்லுல கீறல் விழும்," என்று பேனாக்கத்தியால் வேரை அறுத்தார். மறுபக்கம் வால்டர் தாத்தா முனகிக்கொண்டே மண்டியிட்டார். தன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியில் மண்ணை அள்ளி அள்ளி அப்பால் கொட்டினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனாலும் ஒருவர் அறுத்ததை மற்றவர் அள்ளினார்.

எஃபி ஈரக் கைக்குட்டையால் எழுத்துகளைத் துடைத்துவிட்டுப் படித்தாள்.

"கிரிஸல் லெய்ட்லா. நடுக்கடலில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டையும் கரை சேர்த்தவள்."

பக்கத்து வயலில் சோளத்தாள் சலசலத்தது.

"மூத்தவரு யாருன்னு போடலையே," என்றார் ஆர்ச்சி தாத்தா, சன்னமாக.

"போடல." வால்டர் தாத்தா மூக்கை உறிஞ்சினார். "இரண்டையும்னு போட்டிருக்கு."

அவர் எழுந்திருக்கத் தடுமாறினார். ஆர்ச்சி தாத்தா கையை நீட்டினார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

எஃபி மேசைக்குத் திரும்பி, தாளைப் புரட்டிப் போட்டாள். தலைப்பில் எதையும் எழுதவில்லை. நட்டநடுவில் ஆடம் பெயரையும் கிரிஸல் பெயரையும் எழுதினாள். அங்கிருந்து தன் பக்கமாக டேவிட்டையும் அவர் வழியில் வந்தவர்களையும் எழுதினாள். பிறகு மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்று, பீட்டரின் ஆட்களை அந்தப் பக்கமாக எழுதினாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவரவர் பெயர் அவரவருக்கு நேராக இருந்தது.

"யாரு முதல்ல படிக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நடுவுல இருந்து ஆரம்பிப்போம்," என்றாள் ரூத். ஆர்ச்சி தாத்தா தொண்டையைச் செருமி, "கிரிஸல் லெய்ட்லா" என்று படித்தார்.

சாப்பாடு நடந்தது. எஃபியும் ரூத்தும் ஒரே தட்டில் பீச் பழக் கேக்கை வெட்டித் தின்றுகொண்டிருந்தபோது, இரண்டு தாத்தாக்களும் சேர்ந்து வந்து நின்றார்கள்.

"எஃபி, ஒரு சந்தேகம். அந்தக் கிரிஸலோட அம்மா பேரு என்ன?" என்றார் வால்டர் தாத்தா.

வாய் நிறைய இருந்ததை எஃபி விழுங்கினாள்.

"முதல்ல இதைத் தின்னுடறேன், தாத்தா."