மூன்றாவது சாம்பிள்

முதலாளி மூன்றாவது ஸ்பூன் சாஸையும் விழுங்கினார்.

நான்காவது ஸ்பூன் கை தவறித் தரையில் விழுந்தது.

அடுத்து அவரே விழுந்தார்!

அந்த அறைக்கு ருசி அறை என்று பெயர். வெள்ளை டைல்ஸ், வெள்ளை மேஜை, ஒரு வாஷ்பேசின், கூரை மூலையில் ஒரு கேமரா. காலை பத்தேகால். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த மனிதரைக் கம்பெனி மொத்தமும் 'நாக்கு' என்றுதான் கூப்பிடும். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. அண்டா நிறைய சாஸில் ஒரு சிட்டிகை உப்பு கூடினாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்... என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நாக்கு பாய்ந்து போய் முதலாளியை மடியில் தாங்கினார். வாயோரம் நுரை. கை இரண்டு தடவை வெட்டி இழுத்தது. பிறகு இழுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு அங்கே வேலை இருக்கவில்லை.

பின்னாலேயே போலீஸ் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. வயது நாற்பத்தைந்துக்கு மேல். குரலை உயர்த்தாமலே ஆளைக் குடைகிற ரகம். பக்கத்து ஆபீஸ் அறையில் உட்கார்ந்துகொண்டு, கேமரா பதிவைக் கம்ப்யூட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். எதிரே நாக்கு. சட்டையில் முதலாளியின் எச்சில் காயாமல் உட்கார்ந்திருந்தார்.

எதற்கு இந்த ருசி டெஸ்ட் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நாக்கு ஒன்று விடாமல் சொன்னார்.

கம்பெனிக்கு வறுத்த கோழிக் கடைகள். ஊர் ஊராகக் கிளைகள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதலாளி ஒரு வெளிநாட்டு உரிமையைத் தன் மச்சினனுக்கு, அதாவது முதலாளியம்மாவின் தம்பிக்கு, எழுதிக் கொடுத்தார். தனி உரிமை. அந்த நாட்டில் அந்தப் பெயரில் வேறு எவனும் கடை போட முடியாது. முதலாளியே நினைத்தாலும் முடியாது! மச்சினன் இருந்த வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிப் போனான். இன்றைக்குப் பதினொரு கடை.

கடைகள் ஓஹோவென்று ஓடியதும் ஒரு பெரிய கம்பெனி வந்து, அந்த நாட்டை எங்களுக்குக் கொடுங்கள் என்றது. முதலாளிக்குச் சபலம் தட்டிவிட்டது. மச்சினனைக் கழற்றிவிட வேண்டும். ஒப்பந்தமோ இரும்புப் பூட்டு. அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அங்கே தயாராகும் சாஸில் ஒரு சாம்பிள் இங்கே வர வேண்டும். கம்பெனியின் ருசி பார்ப்பவர் தொடர்ந்து மூன்று தடவை ஃபெயில் போட்டால் உரிமை ரத்து.

முதல் இரண்டும் ஃபெயில். மச்சினன் அநியாயம் என்று கோர்ட்டுக்குப் போயிருந்தான். இன்றைக்கு மூன்றாவது.

"பாட்டில் எப்படி வந்துச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பார்சல் எப்போதும் முதலாளி வீட்டு விலாசத்துக்குத்தான் வரும் என்றார் நாக்கு. வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும். டெஸ்ட் அன்று காலையில் முதலாளியே காரில் எடுத்து வருவார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கும். நாக்கு ருசி பார்த்து முடித்ததும் முதலாளியும் சாப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

"டேப்பைப் பிரிச்சது நீங்க. முதல்ல வாயில வச்சதும் நீங்க. என்ன தெரிஞ்சுது?"



"லேசா... கசப்பு மேடம்."

"லேசாவா? ஆஸ்பத்திரி டாக்டர் இப்பதான் போன் பண்ணினாரு. சாஸ்ல விஷமாம். ஒரு சொட்டு பட்டாலே குடலைப் புரட்டுற கசப்பாம். நீங்க ஒரு ஸ்பூன் வாயில போட்டு, சுழட்டி, துப்பி, கொப்பளிச்சிட்டு நிக்கிறீங்க. முகத்துல ஒரு சுருக்கம் இல்ல."

"ருசி பாக்குறவங்க முழுங்க மாட்டோம் மேடம். துப்பிடுவோம்."

"அதனாலதான் உயிரோட உக்காந்திருக்கீங்க. அது சரி, இதைக் கேளுங்க."

பதிவை மறுபடி ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டினார்.

முதலாளி முதல் ஸ்பூனை வாயில் வைக்கிறார். முகம் கோணுகிறது. என்னய்யா, இப்படிக் கசக்குதே என்கிறார். நாக்கு ஒரு நொடி திகைக்கிறார். அப்புறம் தைரியமாகச் சொல்கிறார்:

"வெந்தயத்தைக் கருக்கிட்டாங்க முதலாளி. நானும் கவனிச்சேன்."

முதலாளியின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! கருகின வெந்தயம்! ஃபெயில்! கோர்ட்டில் காட்ட வேண்டுமே என்று கேமராவைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டாவது ஸ்பூன், மூன்றாவது ஸ்பூன்...

இன்ஸ்பெக்டர் பதிவை நிறுத்தினார்.

"கசக்குதுன்னு அந்த மனுஷனே சொல்றாரு. வைங்க கீழேன்னு நீங்க சொல்லல. வெந்தயம்னு சொல்லி, ஊட்டிவிடாத குறையா சாப்பிட வச்சிருக்கீங்க. ஒண்ணு, விஷம்னு தெரிஞ்சே சொன்னீங்க. இல்ல, கலந்ததே நீங்கதான். மூணாவதா ஒரு வழி இருந்தா நீங்களே சொல்லுங்க."

மூன்றாவது வழி இருந்தது. ஆறு மாதமாக அது நாக்கின் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

அதைச் சொன்னால் வேலை போகும். கம்பெனி கொடுத்த வீடு போகும். பொய் ரிப்போர்ட் போட்டதற்காகக் கம்பி எண்ண வேண்டும். ஊரில் தலை காட்ட முடியாது. சொல்லாவிட்டால் கொலைப்பழி. தூக்குக் கயிறு. பாவம், மனிதர் எந்தப் பக்கம் போவார்?

"என் நாக்கு செத்துப்போச்சு மேடம்," என்றார். சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தபோது உப்பு, புளி, காரம் எல்லாமே பச்சைத் தண்ணீர். வெளியூர் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து நிறத்தைப் பார்த்து, பதத்தைப் பார்த்து, முக்கியமாக முதலாளியின் முகத்தைப் பார்த்து, ருசி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு ஃபெயிலும் அப்படிப் போட்டவைதான். இன்றைக்கு முதலாளி கசக்குது என்றதும் குலை நடுங்கிவிட்டது. கசப்பு எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்த பொய் வெந்தயம்.

இன்ஸ்பெக்டர் கைப்பையைத் திறந்தார். ஒரு காய்ச்சல் மாத்திரையை எடுத்து நீட்டி, மென்று காட்டச் சொன்னார். நாக்கு வேர்க்கடலை மாதிரி மென்றார். கண் இமை அசையவில்லை.



"சரி, நம்புறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "அப்படின்னா விஷம் வச்ச ஆளுக்கும் இது தெரியும். நாக்கு நல்லா இருந்தா முதல் சொட்டுலயே பாட்டில் குப்பைக்குப் போயிருக்குமே. யார் யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்கும் சொல்லல மேடம். என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

கதவருகே அவருடைய மனைவி நின்றிருந்தாள். சேதி கேட்டு, கட்டின புடவையோடு ஓடி வந்திருந்தாள்.

நாக்கு தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரிடமே பேசினாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இவர் என் சமையலை ஒரு வேளைகூட நொட்டை சொல்லாம சாப்பிட்டதில்ல மேடம். காய்ச்சலுக்கப்புறம் வாயே திறக்கல. சந்தேகத்துல ஒருநாள் குழம்புல உப்பே போடாம வச்சேன். ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

"அவர்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா மனசு ஒடிஞ்சு போவாரு..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொய் சொல்ல மாட்டேன். நானும் கொஞ்ச நாள் நிம்மதியா சமைச்சேன்."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவள் முகம் வெளிறியது.

"முதலாளியம்மாகிட்ட. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். இப்பல்லாம் எதைப் போட்டாலும் பேசாம சாப்பிடுறாரும்மான்னு..."

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் முதலாளியம்மா டீ குடிக்க வரச் சொன்னாளாம். அவளே அடுப்படியில் நின்று போட்டு எடுத்து வந்தாளாம்.

"வாயில வைக்க முடியல மேடம். சர்க்கரைக்குப் பதிலா உப்பு. கை தவறிப் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன். பெரிய வீட்டம்மா ஆசையா குடுத்தது, மூஞ்சியைச் சுளிக்க முடியுமா? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கிட்டேன். இவர் பிரமாதம்னு சொல்லி இன்னொரு கப் கேட்டாரு."

"அந்தம்மா குடிச்சாங்களா?"

"கப்பைத் தொடவே இல்ல. இவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதலாளி வீட்டில் கூடம் நிறைய ஜனம். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. ஒரு மூலையில் யாரோ நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். நாக்கைப் பார்த்ததும், இவன்தான் என் வீட்டுக்காரரைக் கொன்ற பாவி என்று கையை நீட்டினாள். கூட்டம் நாக்கின் மேல் பாயப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் கூட்டத்தை விலக்கி, முதலாளியம்மாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். நாக்கையும் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கேமராவில் கேட்ட வெந்தயப் பேச்சைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை டீயைப் பற்றி விசாரித்தார். அவள் அசரவில்லை. உப்பும் சர்க்கரையும் மாறிப்போவது உலகத்தில் நடக்காத விஷயமா என்றாள்.

"நடக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா பாட்டில்ல இருந்த டேப்பை ஒரு தரம் பிரிச்சு மறுபடி ஒட்டியிருக்காங்க. பசை இருக்கிற பக்கத்துல ஒரு கட்டைவிரல் ரேகை அழகா பதிஞ்சிருக்கு. உங்க விரலைக் கொஞ்சம் நீட்டுங்க."

அவள் நீட்டவில்லை. கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு மாதமாகப் புருஷனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். தம்பி அந்த ஊரில் நாய் படாத பாடு பட்டு நிமிர்ந்தவன். இரண்டு சின்னக் குழந்தைகள். இன்றைக்கு மூன்றாவது ஃபெயில் விழுந்திருந்தால் குடும்பத்தோடு நடுத்தெருதான். அவர் மசியவில்லை. வியாபாரத்தில் உறவு பார்க்க மாட்டேன் என்று அவளிடமே சொல்லிவிட்டாராம்.

அவள் நாக்கைப் பார்த்தாள்.

"ஊரே கசக்குதுன்னாலும் நீ சொல்றதுதான் அவருக்கு ருசி. நீ சும்மா நின்னாலே போதும்னு நினைச்சேன். வெந்தயம்னு வேற சொன்னியாமே... அவ்வளவு உதவி நான் எதிர்பாக்கல."

நாக்கு சுவரைப் பிடித்துக்கொண்டார். வாயில் வந்தது ஒரே ஒரு பொய். சோறு போட்ட மனிதனை அது தின்றுவிட்டது. தூக்குக் கயிறு தப்பியதற்கு அவரால் சந்தோஷப்பட முடியவில்லை.

பெண் கான்ஸ்டபிள் வந்து முதலாளியம்மாவின் கையைப் பிடித்தாள். கூடத்தில் இருந்த ஜனம் விலகி வழி விட்டது. ஜீப் வரைக்கும் அவள் நிமிர்ந்துதான் நடந்தாள்.

"எனக்கு என்ன வேணா ஆகட்டும்," என்றாள். "என் தம்பி கடை தப்பிச்சிடுச்சு. அது போதும்."

"அது எப்பவோ தப்பிச்சிருக்கும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளியம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ருசி பாக்குறவருக்கு நாக்கே இல்ல. அப்ப அவர் போட்ட ரெண்டு ஃபெயிலும் செல்லாது. முதல் ரெண்டே இல்லாதப்ப மூணாவது எங்கேர்ந்து வரும்? கோர்ட்ல ஒரே நாள்ல உங்க தம்பி ஜெயிச்சிருப்பாரு. அதுக்கு ஒரே ஒரு சாட்சிதான் வேணும். அது உங்க கையில இருந்துச்சு."

நிமிர்ந்திருந்த தலை முதல் தடவையாகக் குனிந்தது. கான்ஸ்டபிள் தாங்கிப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள்.

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார்.

"ஒரு மொட்டைக் கடுதாசில முடிய வேண்டிய வேலை. இதுக்குப் போய் கொலை வரைக்கும் மெனக்கெட்டிருக்கீங்களேம்மா!"