திரும்பும்போது மூன்று பேர்

மாடிப்படி ஏறி வந்த தேவகியின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. உட்கார்ந்த பிறகும் அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

"ஒகேனக்கல் போவணும்மா," என்றாள். "ரெண்டு தடவ ஏற்பாடு பண்ணேன். ரெண்டு தடவயும் யாரோ கெடுத்துட்டாங்க. யாருன்னு கண்டுபுடிச்சிக் குடுங்க. இந்த ஆடிக்காவது நான் போயாவணும்."

இது டிராவல்ஸ் இல்லையேம்மா என்று சொல்ல சந்தியா வாயெடுத்தாள். கமலாட்சி ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

பிள்ளையார்பாளையத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் கமலாட்சியின் துப்பறியும் நிலையம். பெரும்பாலும் கல்யாண விசாரணைகள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா. வேதியியல் படித்துவிட்டு உதவியாளராகச் சேர்ந்த சந்தியா, ஒரு நிஜமான வழக்குக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

"அருவி பாக்கவாம்மா?" என்று கேட்டாள் கமலாட்சி.

"அருவி யாருக்கு வேணும். எம் புள்ள அங்க பரிசல் ஓட்டுறான்."

மகன் பெயர் வசந்த். மூன்று வருஷத்துக்கு முன் எதிர்வீட்டு பைக்கை எடுத்துப் போய் இடித்துவிட்டான். அப்பா மாணிக்கவேல் தெருவில் வைத்தே அடித்தார். மறுநாள் காலையில் ஆளைக் காணோம். இந்தப் பொங்கலுக்குத்தான் பக்கத்து வீட்டு ஜெயக்குமார் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார், ஒகேனக்கல்லில் அவனைப் பார்த்ததாக.

"சொல்லிடாதண்ணேன்னு கையப் புடிச்சிக்கினானாம். இவரும் இத்தினி நாளா முழுங்கிக்கினு இருந்திருக்காரு."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"வர்றவன் வருவான்னுவாரு. ஆனா உள்ளுக்குள்ள இருக்குதும்மா. போன வருசத்துக்கு மொத வருசம் கார்த்திகையில, புள்ளைக்காக வேண்டிக்கினு திருத்தணி போயி மொட்ட போட்டுக்கினு வந்தாரு. மீசையக்கூட எடுத்துட்டாரு. கூட்டத்துல விபூதிகூட வாங்க முடியலையாம். வெறுங்கையோட வந்தாரு, பாவம்."

முதல் ஏற்பாடு சித்திரையில். வாலாஜாபாத் பாண்டியனின் கார். ஜெயக்குமார் பேசிவிட்டது.

"போறப்ப நாங்க ரெண்டு பேரு, வர்றப்ப மூணு பேருன்னு மொதல்லயே சொல்லிட்டேன். டிக்கியும் காலியா இருக்கணும். அவன் பெட்டி படுக்கை இருக்குமில்ல." தேவகி பையைத் திறந்து ஒரு புதுச் சட்டையை எடுத்துக் காட்டினாள். "ஒரு சைசு பெருசா வாங்கினேன். துடுப்பு போடறவனுக்குத் தோளு அகலமாயிருக்கும்."

சந்தியா தலையாட்டினாள்.

அன்று கார் வரவில்லை. வர வேண்டாம் என்று யாரோ பாண்டியனுக்குப் போன் செய்திருந்தார்கள். மறுபடி வைகாசியில் நாள் குறித்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, வீட்டுத் தறியில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணப் புடவையின் பாவு, நீளவாட்டு இழை மொத்தமும், அறுக்கப்பட்டுக் கிடந்தது. முதலாளியிடம் காட்டப் படம் எடுத்து வைத்திருந்தாள்.

"நல்ல வேளை, இழ கலையல. இழையோட இழ முறுக்கிச் சேத்துட்டோம். ஆனா அதுலயே நாளு ஓடி, பயணம் போச்சு."

சந்தியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அறுபட்ட இழைகள் பிடி பிடியாக முடிச்சிட்டுத் தொங்கின. இழை வரிசை கலையாமல் இருக்கச் செருகும் மூங்கில் குச்சிகள் இரண்டும் நூலால் கட்டப்பட்டிருந்தன. படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். உடனே நோட்டைத் திறந்து தேதி போட்டாள். கடைசியில் ஒரு நிஜமான வழக்கு.

வாலாஜாபாத்தில் பாண்டியன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"துப்பறியறதா? ஏம்மா, அடுத்தது என்னை ஜெயிலுக்குத் தள்றதா?"

"உண்மையைச் சொன்னா தள்ள மாட்டோம்," என்றாள் சந்தியா.

"அப்ப பொய் சொல்ல எனக்கு நேரமில்ல." அவர் துணியைப் பிழிந்தார். "ஒரு ஆம்பளக் குரலு. 'தண்ணி ஏறிக்கினு இருக்குது, மாமரத்துக் கடவுல பரிசலெல்லாம் கவுத்துப் போட்டுட்டாங்க, வண்டிய எடுக்காத'ன்னாரு. அந்தம்மாவே சொல்லச் சொன்னாங்கன்னாரு. நல்லதுதானேன்னு நான் வேற சவாரிக்குப் போயிட்டேன்."

"வீட்டுக்காரர் குரலா?"

"அவரை நான் பாத்ததேயில்ல. பேசினதெல்லாம் ஜெயக்குமாரும் அந்தம்மாவும்தான்."

சந்தியா அந்த வாரத்துச் செய்திகளைத் தேடினாள். சித்திரை வெயிலில் ஆறு வற்றிக் கிடந்தது. பரிசலுக்குத் தடை எதுவும் இல்லை. போன் வந்த எண் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ஒரு பெண்ணுடையது. "சார்ஜு இல்லம்மான்னு ஒருத்தரு வாங்கிப் பேசினாரு. மூஞ்சியா பாத்தேன்? மாலை கட்டிக்கினு இருந்தேன்," என்றாள் அவள் போனில்.

திரும்பும் பஸ்ஸில் சந்தியாவால் உட்கார முடியவில்லை.

"அக்கா, மாமரத்துக் கடவுங்கறது அங்க ஒரு பரிசல் துறை. போய்ப் பாத்தவங்களுக்குத்தான் அந்தப் பேர் வாயில வரும். அந்தத் தெருவுல போனவர் ஜெயக்குமார் ஒருத்தர்தான். கார் பேசினவரும் அவரே. முடிஞ்சுது."

"எதுக்காகத் தடுக்கறார்?"

"பையனுக்குக் குடுத்த வாக்கு."

"அப்ப பொங்கலுக்கு எதுக்குச் சொன்னார்?" கமலாட்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

தேவகியின் வீட்டில் பாதி இடம் தறிக்கே போயிருந்தது. மாணிக்கவேல் குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். மழுங்கச் சிரைத்த முகம். வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். குறுக்கு நூலோடு அங்குமிங்கும் ஓடிய நாடாவை நிறுத்தவில்லை.

செல்போன் கடை வைத்திருக்கும் ஜெயக்குமார் கூப்பிட்டதும் வந்தார்.

"தறி தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் கமலாட்சி.

"எங்கப்பா ஓட்டல் வெச்சிருந்தாரும்மா. எனக்குத் தெரிஞ்ச நூலு இடியாப்பம்தான்."

மாணிக்கவேல்கூட லேசாகச் சிரித்தார்.

"வசந்தை எப்ப பாத்தீங்க?"

"ஆச்சு ரெண்டு வருசம். சித்திரை லீவுல பசங்களோட போனப்ப. அண்ணன் மொட்ட போட்ட வருசம்தான். அதுக்கு முன்னாடி."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் இல்ல. அக்கா பொங்கப் பானை முன்னாடி ஒக்காந்து அழுதுது. தாங்கல. சொல்லிட்டேன்."

கமலாட்சி தறிப் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒகேனக்கல் போயிருக்கீங்களாண்ணே?"

"எங்கம்மா போறது. தறிய வுட்டா கோயிலு, கோயில வுட்டா தறி."

தேவகி உள்ளேயிருந்து ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்தாள். "இது தாங்குமா பாரும்மா. ஆத்துல எறங்கணுமில்ல."

சந்தியா பதில் சொல்வதற்குள், தலை நிமிராமலே மாணிக்கவேல் சொன்னார்: "செருப்பு ஆவாது தேவகி. கடவுக்கு எறங்கற எடத்துல பாறை வழவழன்னு இருக்கும். எண்ணெ தேச்சி வுடறவங்க அங்கதான் ஒக்காந்திருப்பாங்க. கையில புடிச்சிக்கினுதான் எறங்கணும்."

நாடா பாதி வழியில் நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு மறுபடி ஓடியது.

தேவகி செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமலாட்சி எழுந்தாள். "அண்ணே, கொஞ்சம் வெளிய வரீங்களா?"

தெருக்குழாய் அருகே அவர்கள் நின்று பேசுவதைச் சந்தியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கமலாட்சி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மாணிக்கவேல் முதலில் இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஆட்டவில்லை. குழாயைத் திறந்து முகம் கழுவினார். துண்டால் வெகுநேரம் துடைத்தார்.

திரும்பி வந்து தறிப்பலகையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நீயே ஆரம்பிம்மா," என்றார். "எனக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

கமலாட்சி தேவகியின் எதிரில் தரையில் அமர்ந்தாள். குரல் எப்போதும்போல் அமைதியாக இருந்தது.

"பாவை அறுத்தவன் பகையாளின்னு எல்லாரும் நெனச்சீங்க. பகையாளி வந்தா வெட்டிப்போட்டுட்டு ஓடியிருப்பான். இங்க அறுத்த ஆளு, குச்சிய மொதல்ல நூலால கட்டியிருக்கார். அப்புறம் பிடி பிடியா அறுத்து, ஒவ்வொரு பிடியையும் முடிஞ்சிருக்கார். ஒரு இழைகூட கலையலன்னு நீங்களே சொன்னீங்க. கொல்ல வந்தவன் காயத்துக்குக் கட்டுப் போட்டுட்டுப் போவானா? பாவைக் கெடுக்க அவருக்கு மனசில்ல. நாளைத் தள்ளணும், அவ்வளவுதான். அது காலமெல்லாம் தறியில உக்காந்த கை. இடியாப்பம் புழியற கை இல்ல."

ஜெயக்குமார் தலை குனிந்துகொண்டார்.

"போன்ல பேசினவர் மாமரத்துக் கடவுன்னார். அந்த எடத்தைக் கண்ணால பாத்தவர். ஒகேனக்கல் போனதேயில்லன்னு அண்ணன் சொன்னார். கொஞ்ச நேரத்துல, அங்க பாறை எப்படி வழுக்கும்னும் சொன்னார்."

தேவகி கணவனைப் பார்த்தாள். "நீ போயிருக்கியா?"

அவர் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்ப போன? என்னை வுட்டுட்டு அவனைப் பாத்துட்டு வந்தியா? அவன் வர மாட்டேன்னுட்டானா? கோவமா இருக்கானா இன்னும்?"

சந்தியாவின் மனதில் அப்போதுதான் அது வந்து விழுந்தது. திருத்தணி போனவர் விபூதி இல்லாமல் திரும்பினார். முருகன் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். மொட்டைத் தலையோடு மீசை இருக்கும். தலையோடு மீசையையும் இழந்து வருகிற ஆண்களையும் பார்த்திருக்கிறாள். அவர்கள் கோயிலிலிருந்து வருவதில்லை. ஆற்றங்கரையிலிருந்து வருவார்கள்.

அக்கா, நிறுத்திவிடு என்று சொல்ல நினைத்தாள். தெரியாமலே இருக்கட்டும். அந்தப் பை அப்படியே இருக்கட்டும்.

கமலாட்சி அதற்குள்ளாகவே நிறுத்தியிருந்தாள். "மிச்சத்தை நீங்கதான் சொல்லணும்ணே."

"கோவமெல்லாம் இல்ல தேவகி," என்றார் மாணிக்கவேல். "கார்த்திகையில அங்கேர்ந்து ஒரு போனு வந்துச்சு. குளிக்க எறங்கியிருக்கான். சுழல்ல மாட்டிக்கினான். அவன் போன்ல அப்பான்னு என் நம்பரு இருந்துச்சாம். ஒரு தடவகூட கூப்பிடல. ஆனா வெச்சிருந்தான்."

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று.

"யாரு கொள்ளி வெச்சது?" என்றாள் தேவகி.

"நான்தான்."

"தனியாவா?"

"கடவுல பரிசல் ஓட்டறவங்க நாலு பேரு கூட நின்னாங்க."

"என்னைக் கூப்ட்டிருக்கலாம்."

"கூப்புடத்தான் வந்தேன். வூட்டுக்குள்ள நொழையறேன், நீ ரெண்டு தட்டு வெச்சிக்கினு, அவன் தட்டையும் தொடச்சி வெக்கற. அடிச்சித் தொரத்துனவனும் நான்தான். செத்துட்டான்னு சொல்றவனும் நானா இருக்கணுமா? வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு..."

தேவகி அழுவாள் என்று சந்தியா காத்திருந்தாள். அவள் அழவில்லை. துணிப்பையை எடுத்தாள். சட்டையைப் பிரித்து, தோள்பட்டை இரண்டையும் விரல்களால் நீவினாள்.

"தோளு அகலமாயிருந்துச்சா?"

மாணிக்கவேல் நிமிர்ந்து பார்த்தார். அவர் வாய் கோணிக்கொண்டது.

"என் சட்டைய எடுத்துப் போட்டேன் தேவகி," என்றார். "அவனுக்குப் பத்தல."

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், சட்டையை வாயில் அழுத்திக்கொண்டு. மாணிக்கவேல் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அவளைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளேதான் அவர் துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெயக்குமார் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். கமலாட்சி எழுந்து சந்தியாவின் தோளைத் தொட்டாள். போகலாம். சந்தியா எழுந்தாள். ஒரு நிஜமான வழக்கு வேண்டும் என்று தான் கேட்டதை நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே தேவகி போனை எடுத்தாள்.

"பாண்டியன் தம்பியா? ஆமாம்பா, நான்தான். ஆடிப்பெருக்குக்கு வண்டி வேணும். யாரு வேணாம்னு சொன்னாலும் கேக்காத. நான் சொல்றேன், எடுத்துக்கினு வா."

மறுமுனையில் பாண்டியன் ஏதோ கேட்டார். தேவகி கணவனைப் பார்த்தாள். பிறகு சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போறப்ப ரெண்டு பேரு," என்றாள். "இல்லப்பா. வர்றப்பவும் ரெண்டு பேருதான். டிக்கில எடம் வேணாம்."