கடகட அடுப்பு

அந்த வீட்டில் எல்லோருக்கும் கோபம். காரணம் ஓர் அடுப்பு.

மின்சார அடுப்பு. மேலே சமைக்கலாம், கீழே ஓவன். அம்மா அதில்தான் பன் சுட்டுக் கடைக்குக் கொடுக்கிறாள். ஓவனை அணைத்த பிறகும் சூடு தணியும்வரை உள்ளே ஒரு விசிறி சுற்றும். முன்பு ‘உஸ்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது ‘கடகட கடகட’. காதில் ஆணி அடிப்பதுபோல.

அப்பா ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். பகலில்தான் தூக்கம்.

“மனுஷன் தூங்குறதா வேண்டாமா?” என்று வந்து சுவர் ஸ்விட்சைப் பட்டென்று அணைத்தார்.

“அணைக்காதீங்க! சூடு உள்ளயே நின்னா அடுப்பு பாழாயிடும்!” அம்மா மறுபடி போட்டாள்.

“பாழாப் போகட்டும்! நாளைக்கே பழைய இரும்புக்காரன்கிட்ட போடறேன்.”

“அப்போ பன்னை உங்க தலையிலயா சுடறது?”

அவர்கள் மகள் சிரித்துவிட்டாள். மூக்குக்குமேல் கோபம் வருகிறவள் என்பதால் அவளுக்கு ‘மிளகாய்’ என்று பெயர்.

“என்னடி சிரிப்பு? என் சாப்பாட்டு டப்பா மூடியைத் தொலைச்சவதானே நீ!” என்று அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

“நான் தொலைக்கலை!”

“டப்பா கழுவுறது நீதானே? பின்ன மூடி நடந்தா போச்சு?”

மிளகாய்க்கு முகம் சிவந்தது. அந்தப் பழி ஒரு மாதமாக அவள் தலையில் கிடக்கிறது.

பழுது பார்ப்பவர் வந்தார். வாசற்படியிலேயே நின்று காதைச் சாய்த்தார்.

“மோட்டார் போச்சு. புது அடுப்பு வாங்கிடுங்க. நானே கொண்டுவந்து தரேன்.”

ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. இப்படிப்பட்ட ஆளை நம்பக் கூடாது. மிளகாய் நம்பவில்லை.

அம்மா மனசு விட்டுப்போய் அடுப்பின்மேல் சாய்ந்தாள். சத்தம் நின்றது. நிமிர்ந்தாள். கடகட!

“அம்மா, இன்னொரு தடவை சாயேன்.”

“விளையாடுற நேரமாடி இது?”

“சாயும்மா!”

சாய்ந்தாள். மறுபடி நின்றது.

மிளகாய் இடுப்பில் கை வைத்தாள். “மோட்டார் கெட்டிருந்தா, எங்கம்மா சாஞ்சதும் எப்படி வாயை மூடும்?”

“சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்? எனக்கு ஆயிரம் வேலை இருக்கு” என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் போனார்.

“அப்பா, சூடு ஆறினதும் ஸ்விட்சை அணைச்சுட்டு அடுப்பை இழுங்க. பின்னாடி ஏதோ இடிக்குது.”

“இதையும் நானே செய்யணுமா?” என்று திட்டிக்கொண்டே அப்பா இழுத்தார்.

சுவருக்கும் அடுப்பின் பின்தகட்டுக்கும் நடுவே ஓர் எவர்சில்வர் மூடி. அப்பாவின் டப்பா மூடி. விசிறி சுற்றும்போது தகடு அதிர்ந்து அதில் மோதியிருக்கிறது; அம்மா சாய்ந்தால் மூடி சுவரோடு அழுந்தி அடங்கியிருக்கிறது.

விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து டப்பாவை அடுப்பின்மேல் விட்டெறிவது யார்? அப்பாவேதான்.

அடுப்பை இடத்தில் தள்ளி, அம்மா ஓவனைப் போட்டாள். ‘உஸ்.’

அப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரிடி... நான்தான்” என்று முணுமுணுத்தார்.

“சத்தமா சொல்லுங்க அப்பா” என்றாள் மிளகாய். “இப்போதான் அடுப்பு கத்தலையே!”