கோட்டுக்கு மேலே இரண்டு புள்ளி

எல்லோரும் சுகந்தானே? முட்டுவலிக்காரர்கள் முட்டியைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள். இருமல் இருந்தால் சுக்குக் காப்பி போட்டு எடுத்து வாருங்கள், அவசரமில்லை... வந்தாயிற்றா? சரி. இன்றைக்கு மட்டாஞ்சேரி கூவப்பாடத்தில் ஒரு வெளுப்புக்கார வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வீட்டு மருமகள் பொன்மணி. வயது நாற்பத்தாறு. பேச்சு குறைவு, கை வேகம். ஆடி மழை ஒரு வாரமாகக் கொட்டித் தீர்த்து, அன்று காலை ஏழு மணிக்குத்தான் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. வெளுப்புக்கார வீட்டில் வெயிலைக் கண்டால் யாரும் உட்கார மாட்டார்கள். புருஷன் இசக்கிதுரை ஹோட்டல் விரிப்புகளை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பொன்மணி, தான் துண்டுத்துணிகளைச் சேர்த்துப் பாதி தைத்து வைத்திருந்த ஒட்டுப்போர்வையை மழைவாடை போகட்டுமென்று முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டாள்.

வாசற்படியில் சாயா குடித்துக்கொண்டிருந்த மாமியார் மாயம்மாள் எழுந்து வந்தாள். போர்வையை இரண்டு கையாலும் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அந்த இடத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏட்டி பொன்னு... இது கசவுல்லா?"

"ஆமா அத்தை."

"யாரு வீட்டுக் கசவு?"

பொன்மணிக்குப் புரிந்துவிட்டது. இசக்கிதுரைக்கும் புரிந்துவிட்டது. கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினான்.

விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன் சுனிதா டீச்சர் தன் அம்மாவின், பொன்ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டை வெளுக்கக் கொடுத்திருந்தார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு பெட்டிக்குள்ளேயே கிடந்தது, முதல் தடவையாக வெளியே வந்தது. ஓணத்துக்கு அதை உடுத்த வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. மற்ற துணியெல்லாம் திரும்பிப் போயிற்று, முண்டு மட்டும் போகவில்லை. வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடியாயிற்று. நாற்பது வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு கைக்குட்டை காணாமல் போனது கிடையாது.

"அது நீங்க எனக்கு முதல் ஓணத்துக்கு எடுத்துக் குடுத்த முண்டு அத்தை. கிழிஞ்சு போச்சுல்லா... கரைய மட்டும் எடுத்து வச்சிருந்தேன்."

"இருபத்திரெண்டு வருசத்துக்கு முந்தின முண்டா? அதோட மூலை எங்க? மூலையக் காட்டு. குறி இருக்கா இல்லியான்னு பாப்போம்."

"மூலைதான் அத்தை முதல்ல கிழிஞ்சுது."

"மூலைதான் கிழியும். எங்க வெட்டணும்னு வெட்டுனவளுக்குத் தெரியாதா?"

வெளுக்க வரும் ஒவ்வொரு துணியின் மூலையிலும் சேங்கொட்டைச் சாற்றால் கடுகளவு குறி போடுவார்கள். வீட்டுக்கு ஒரு குறி. எத்தனை வெளுப்புக்கும் அழியாது. வெளுப்பவர்களின் சொந்தத் துணிக்குக் குறி கிடையாது. அதனால்தான் மாயம்மாள் மூலையைக் கேட்டாள்.

"பொன்னு, நீ வெட்டுனியா?" என்றான் இசக்கிதுரை.

"நீங்களும் கேக்கியளா?"

"டீச்சர் கேட்டா நான் பதில் சொல்லணும்லா."

"வெட்டல."

மாயம்மாள் போர்வையைக் கொடியிலிருந்து உருவி மருமகள் கையில் திணித்தாள். "கந்தல ஒட்டுத வீட்டுல தரித்திரந்தான் ஒட்டும்னு அன்னைக்கே சொன்னேன். இன்னையோட போதும். இந்த வீட்டுல இனி ஒட்டுத் தையல் கிடையாது. சரின்னு சொல்லு."

"...சரி அத்தை."

பொன்மணி போர்வையை மடித்துப் பரணில் வைத்தாள். தையல் மெஷின் மேல் பழைய விரிப்பைப் போட்டு மூடினாள். பிறகு போய் அரிசி களைந்தாள்.

அந்த "சரி" சின்னச் சொல்தான். ஆனால் அந்தத் தையல் அவளுக்கு என்னவென்று தெரிந்தால்தான் அதன் கனம் தெரியும். நாலு வருஷமாகத் தைக்கிறாள். ஃபோனில் பார்த்துப் படித்தது. மதியம் துணி காயும்வரை இரண்டு மணி நேரம் சும்மா இருக்கும், அதுதான் அவள் நேரம். வியாழக்கிழமை படகில் எறணாகுளம் போவாள். பிராட்வேயில் ஜாக்கெட் தைக்கும் சங்கர்ராம் அவளுக்காக வெட்டுத்துணியை ஒரு சாக்கில் போட்டு வைத்திருப்பார். "சேச்சி வந்தாச்சு, குப்பைத்தொட்டிக்கு இன்னைக்கு லீவு" என்பார். கொண்டுவந்ததை முதலில் வெந்நீரில் போட்டுச் சாயம் போகிறதா என்று பார்ப்பாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே வைக்க, ஹோட்டல்காரர்கள் கழித்துப் போட்ட கம்பளி.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க அவள் போட்ட படம். பஜார் ரோட்டு மிளகுக் கடையின் தரை ஓடு ஒன்று, படகுத்துறை மரத்தூண் ஒன்று, மழையில் நனைந்த ஓட்டுக்கூரை ஒன்று. பார்க்கும் எதையும் முக்கோணமாகவும் சதுரமாகவும் பிரித்துவிடுவாள். தைத்த கட்டங்களைப் பாயில் பரப்பித் திருப்பித் திருப்பி வைப்பாள். ஒரே கட்டம், இப்படி வைத்தால் வள்ளம், திருப்பி வைத்தால் குடை. விற்றதில்லை. யாருக்கு என்று கேட்டால் "சும்மா" என்பாள்.

இந்தத் தடவை அவள் தைத்தது வெளுப்புக் களத்துக் கொடி. அங்கே கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகுவார்கள், காற்று எவ்வளவு அடித்தாலும் விடாது. அந்த முறுக்குக்குத்தான் பழைய கசவுக்கரையை வைத்தாள். விடாத கயிறு பொன்னாக இருக்கட்டுமே என்று.

தையலை விட்ட மூன்றாம் நாள், மதியம், கொடியிலிருந்து தலையணை உறைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு உறையில் குறி என்னவோ போல் இருந்தது. உறையைத் திருப்பினாள். சரியாக இருந்தது. மறுபடி திருப்பினாள். வேறு வீட்டுக் குறியாக இருந்தது.

குறி போடுவது மாயம்மாளின் வேலை. குறி போடும்போது துணியின் அகலக் கரை எப்போதும் தன் வயிற்றுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவள் மாமியார் காலத்துச் சட்டம். சுனிதா டீச்சர் வீட்டுக்கு ஒரு கோடு, அதற்கு மேலே இரண்டு புள்ளி. அடுத்த தெரு விபின் வீட்டுக்கும் ஒரு கோடு, ஆனால் புள்ளி இரண்டும் கீழே. துணியைத் தலைகீழாகப் பிடித்துக் குறி போட்டால் டீச்சர் துணி விபின் வீட்டுக்குப் போய்விடும். மாயம்மாளுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, கரை தெரியவில்லை. வெள்ளை முண்டும் மங்கிய கசவும் அவளுக்கு ஒரே நிறம்.

பொன்மணி கொடிக்கடியில் அப்படியே குந்திவிட்டாள்.

அன்றைக்கே விபின் மனைவி ஸுப்ரியாவுக்கு ஃபோன் போட்டாள். அவர்கள் மகளைப் பார்க்க துபாய் போயிருந்தார்கள்.

"கட்டு வந்தன்னைக்கே கிளம்பிட்டோம் சேச்சி. பிரிக்கவே இல்ல, அலமாரியில வச்சுப் பூட்டியாச்சு. சாவி என் கையில. மூணு வாரம் கழிஞ்சு வந்து பாத்துச் சொல்றேன், போதுமா?"

"போதும். வீட்டுல யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

ஏன் சொல்லக் கூடாது? போன விஷுவுக்கு ஒரு சட்டை மாறிப்போனபோது இசக்கிதுரை சொல்லியிருந்தான்: "இன்னொரு தடவ மாறுச்சுன்னா அம்மா குறி போட வேண்டாம். நம்பர் ஸ்டிக்கர் வாங்கிருவோம்." மாயம்மாள் அன்று சோறு உண்ணவில்லை. புருஷனும் போய், களத்துக்குப் போகும் தெம்பும் போய், அந்த வீட்டில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்தச் சேங்கொட்டைக் கிண்ணம் ஒன்றுதான். சாறு பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து வெந்திருக்கும். அந்தக் கறுப்பைக் கழுவக்கூட விடமாட்டாள்.

பொன்மணி வாயை மூடிக்கொண்டாள். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் எழுந்து, கட்டி வைத்த கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு குறியையும் கரையோடு சேர்த்துப் பார்த்து, மாறியதைச் சரியான கட்டில் வைத்து மறுபடி கட்டினாள். நாளைக்கு இரண்டு, மூன்று மாறியிருக்கும்.

ஒரு நாள் மாயம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"கட்டுல கை வச்சிட்டியா?"

"கட்டு தளர்ந்திருந்துச்சு அத்தை..."

"போர்வைக்குத் துணி பத்தலியோ? எங்க மாமியா காலத்துலேர்ந்து இந்த வீட்டுல திருட்டுக் கை கிடையாது. நீ கொண்டுவந்துட்ட."

பொன்மணி கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டாள். அதற்குள் கண் நிறைந்து, முடிச்சே தெரியாமல் போய்விட்டது.

டீச்சர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "ஓணத்துக்குள்ள உங்க முண்டு வந்துரும் டீச்சர்."

போர்வைப் பேச்சு டீச்சர் காதுக்கும் போயிருந்தது, கதவைப் பாதிதான் திறந்திருந்தார். "எனக்குக் கோபம் இல்ல பொன்மணி, சங்கடம்தான். வெட்டினது எப்படித் திரும்பி வரும்?"

இப்படி மூன்று வாரம். வியாழக்கிழமைகளில் படகேறவில்லை. கை சும்மா இருக்கமாட்டாமல் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் வெண்டைக்காயை முக்கோண முக்கோணமாக வெட்டி வைத்தாள். "இது என்ன கறி?" என்றான் இசக்கிதுரை. அவள் அதை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

ஓணம் வரும் சிங்க மாதம், நம் ஆவணி, பிறக்க இரண்டு நாள் இருந்தது. காலையில் ஸுப்ரியா கையில் ஒரு பையோடு முற்றத்தில் வந்து நின்றாள். நல்ல மனசுக்காரி, ஆனால் ரகசியம் அவளிடம் நிற்காது.

"சேச்சி, நீங்க சொன்னதுதான் சரி. டீச்சரோட முண்டு எங்க கட்டுலதான் இருந்தது. இதோ."

இசக்கிதுரை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அங்க எப்படிப் போச்சு?"

"நான்தான்... கட்டு மாத்தி வச்சிட்டேன்" என்றாள் பொன்மணி.

"நீயா? தெரிஞ்சிட்டேவா மூணு வாரம் வாய மூடிட்டு இருந்த? அம்மா உன்னத் திருடிங்கா, டீச்சர் துணி குடுக்கத நிறுத்திட்டாங்க... மனுசிதானா நீ? நாளையிலேர்ந்து கட்டுப் பக்கம் வராத."

"சரிங்க."

"அத இங்க குடு" என்றாள் மாயம்மாள்.

முண்டை மடியில் விரித்தாள். ஒரு ஓரத்தை விரலால் தடவினாள், மெல்லிய கரை. மறு ஓரத்தைத் தடவினாள், அகலக் கரை. அகலக் கரையை வயிற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு மூலையைத் தேடிப் பிடித்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தள்ளிப் பார்த்தாள்.

"பொன்னு, குறி எப்படி இருக்கு?"

பொன்மணி முண்டின் மடிப்பை நீவிவிட்டாள்.

"கண்ணு தெரியாதவ கேக்கேன். சொல்லு."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அந்த வீடு அன்றுதான் கேட்டது.

"புள்ளி ரெண்டும்... கீழ இருக்கு அத்தை."

"டீச்சர் வீட்டுக்கு மேலல்லா இருக்கணும்."

"என் கைத்தவறும் இருக்கு அத்தை, நான் கட்டும்போது..."

"சும்மா இரி. பொய் சொன்னா உனக்கு மூக்கு விடைக்கும். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே பாத்தேன், சமையல் தெரியும்னு சொன்ன." மாயம்மாள் முண்டை மடியோடு சேர்த்துப் பிடித்தாள். "விடியக்காலம் கட்டப் பிரிச்சியே... நான் மாத்திப் போட்டதச் சரி பண்ணவா?"

"ஆமா அத்தை."

"தெனமுமா?"

"தெனமும் இல்ல... சில நாள்."

"மூக்கு விடைக்கி."

ஸுப்ரியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இசக்கிதுரை மெதுவாக, "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா பொன்னு" என்றான்.

"சொன்னா நீங்க ஸ்டிக்கர் வாங்கிருப்பிய."

மாயம்மாள் எழுந்தாள். கை நீட்டி மருமகளின் தோளைத் தேடிப் பிடித்து, அதில் நெற்றியை வைத்தாள். "திருட்டுக் கைன்னு சொன்னேனே ட்டீ... இந்தக் கையவா சொன்னேன்... என் பழிய உம் பேர்ல எழுதிட்டு நீ கம்முனு சோறு பொங்கிப் போட்டியே..." பொன்மணியும் அப்போதுதான் அழுதாள். மூன்று வாரத்து அழுகை, சத்தமில்லாமல் வந்தது.

முண்டை இசக்கிதுரையே கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னான். சாயங்காலம் டீச்சர் நேரில் வந்தார். பொன்மணியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். அம்மாவின் பழைய ரவிக்கைகள். "இது நீ தைரியமாட்டு வெட்டு" என்றார்.

ஓணம் கழிந்து கண் ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவாயிற்று. அதுவரை குறியை யார் போடுவது? மறுநாள் காலை மாயம்மாளே அதைத் தீர்த்தாள். கிண்ணத்தை எடுத்துவைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"பொன்னு, வா. நீ கரையப் பாத்துத் துணியப் பிடி. நான் போடுதேன்."

அன்றைய துணியெல்லாம் முடிந்த பிறகும் அவள் கிண்ணத்தை மூடவில்லை. "அந்தக் கந்தல எடுத்துட்டு வா" என்றாள்.

பொன்மணி பரணிலிருந்து போர்வையை இறக்கினாள்.

"யாருக்கு இது?"

"சும்மா அத்தை."

"சும்மா ஒருத்தி இம்புட்டுத் தைப்பாளா? எனக்கு முட்டு குளிருது. இது எனக்கு." கறுத்த விரலால் கசவு முறுக்கைத் தடவினாள். "முதல் ஓணத்து முண்டு... கடையில பச்சக்கரை வேணும்னு நின்ன. நான்தான் கசவுன்னேன். இப்ப ஞாபகம் வருது பாரு. மூலையப் பிடி, குறி போடணும்."

"வீட்டுத் துணிக்குக் குறி கிடையாதே அத்தை?"

"இதுக்கு உண்டு. நாலு புள்ளி, சதுரமா. எப்படித் திருப்பினாலும் ஒண்ணு போல இருக்கணும். எவ கண்ணு கெட்டாலும் இது நம்ம வீட்டுக்குத்தான் திரும்பி வரணும்."

பொன்மணி மாமியாரின் விரலைப் பிடித்து மூலைக்குக் கொண்டுபோனாள். நாலு புள்ளியும் விழுந்தன. ஒன்று கொஞ்சம் கோணல்தான். "சரியா இருக்கா?" என்று கேட்டாள் மாயம்மாள்.

"சரியா இருக்கு அத்தை."

மூக்கு விடைத்ததா என்று பார்க்க மாயம்மாளுக்குக் கண் தெரியவில்லை.

அவ்வளவுதான். இனி நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இப்படி அடுத்தவர் தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார்களா? பழைய துணியை எறிய மனசில்லாமல் எதிலாவது சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறீர்களா, அது யாருடைய துணி? இரண்டு வரியானாலும் எழுதி அனுப்புங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.