ஒத்திகைப் பிணங்கள்

முதல் விசில் ஊதுவதற்கு முன்னாலேயே பீம்ராவ் இருமிவிட்டான்.

வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்த அவன் பொண்டாட்டி செங்கொடிக்கு அது தெளிவாகக் கேட்டது. எண்ணூரில், துறைமுகத்தை ஒட்டிய காலிக் கன்டெய்னர் யார்டின் சிமென்ட் தரையில் அவள் பிணமாகப் படுத்திருந்தாள். கழுத்தில் கறுப்பு அட்டை. கறுப்பு என்றால் செத்தவர், சிவப்பு என்றால் சாகக் கிடப்பவர், மஞ்சள் என்றால் அழுகிற சொந்தக்காரர். அவள் புருஷனுக்குச் சிவப்பு. சிவப்புக்காரர்கள் இரண்டாவது விசிலுக்குத்தான் இரும வேண்டும்.

தீவிரவாதி எவனாவது பார்சலில் கிருமித் தூளை அடைத்துக் கப்பலில் அனுப்பினால் என்ன செய்வது என்று பார்க்கிற ஒத்திகை அது. நாலு நாட்டு ஆட்கள் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். விழுவதற்கும் இருமுவதற்கும் சாவதற்கும் வியாசர்பாடியிலிருந்து நாற்பது பேரை வேனில் அள்ளிக்கொண்டு வந்தது மேஸ்திரி பக்தவச்சலம். வரும் வழியெல்லாம் பாடம் எடுத்தான்.

“நடிப்பா நெசமானு கேட்டு டெஸ்ட் பண்ணுவானுங்கோ. இன்னா கேட்டாலும் நெசம்னே சொல்லணும். நெசம் சார், நெசம் சார்னு கதறணும். எவனாச்சும் சிரிச்சீங்கோ, பிரியாணி கெடியாது.”

பீம்ராவுக்கு வர இஷ்டமில்லை. பதினாலு வருஷம் நிலக்கரி யார்டில் மண்வெட்டி பிடித்தவன், பொங்கலுக்கு அப்புறம் வேலைக்குப் போகவில்லை. கேட்டால் ‘கொஞ்சம் மூச்சு வாங்குது மே’ என்பான், அவ்வளவுதான். இழுத்து வந்தது செங்கொடி.

“படுத்துகினு இருமுற வேலைய்யா. அதுகூடவா உனக்கு வராது?”

அதைக் கேட்டு அவன் சிரித்திருந்தான்.

பக்கத்துத் துணிக்குள்ளிருந்து கெங்கம்மா கிசுகிசுத்தாள். ஒரே தெருக்காரி. “இன்னாடி, உன் வூட்டுக்காரரு இப்பவே ஆரம்பிச்சிட்டாரு? பிரியாணிக்கு அவ்ளோ அவசரமா?”

“செத்தவ பேசக்கூடாதுக்கா.”

கெங்கம்மாவின் துணி சிரிப்பில் குலுங்கியது.

விசில். எங்கோ புஸ்ஸென்று புகை கிளம்பும் சத்தம். கல்யாண மேடையில் விடுகிற புகைதான், ஒன்றும் செய்யாது என்று சொல்லியிருந்தார்கள். துணியைத் தாண்டி அது உள்ளே வந்தது. தித்திப்பாக, லேசாகப் பிசுபிசுப்பாக, மணலிப் பக்கமிருந்து வந்த எரிவாயு நாற்றத்தோடும் தரையின் பழைய டீசல் வாடையோடும் கலந்து, தொண்டையில் ஒரு தோலைப் போல ஒட்டிக்கொண்டது. வெயில் துணிக்கு மேல் வெள்ளையாகக் கொதித்தது. நிழல்கள் போயின, வந்தன. முகமூடிக்குள் மூச்சு விடுகிற மீட்புப் படை ஆட்களின் சத்தம், யாரோ பெரிய துருத்தியை மெதுவாக அமுக்கி அமுக்கி விடுவது போல, அவள் தலைமாட்டைக் கடந்து போனது.

இரண்டாவது விசில். பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக இருமினார்கள். அந்த இரைச்சலில் அவள் ஒரே ஒரு இருமலைத் தேடினாள். நேற்று வீட்டில் பீம்ராவ் ஒத்திகை பார்த்த இருமல் அவளுக்குத் தெரியும்: கொழுத்த இருமல், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருமியது. இன்னொன்றும் தெரியும். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அவளுக்குக் கேட்கக்கூடாதென்று துண்டைக் கடித்துக்கொண்டு இருமுவது. வறட்சியாக மூன்று அடி. அப்புறம் நெஞ்சுக்குள் சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு மெல்லிய சீழ்க்கை.

கொழுத்த இருமல் கேட்கவில்லை.

மூன்று அடி கேட்டது. சீழ்க்கை கேட்டது.

மூன்றாவது விசில். இருமல் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி நின்றது. ஒன்று நிற்கவில்லை.

துணியின் ஓரத்தைத் தூக்கினாள். வெள்ளை உடுப்புக்காரன் ஒருவன் அவள் தோளைப் பூட்ஸ் முனையால் தொட்டான். “படும்மா. நீ செத்துட்ட.” குரல் ஒரு டப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

அவன் காலுக்கு இடையில் பீம்ராவ் தெரிந்தான். முட்டி போட்டிருந்தான். ஒரு கை தரையில், ஒரு கை கழுத்து அட்டையின் கயிற்றில். உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. இரண்டு பேர் அவனை மல்லாத்தி, பிளாஸ்டிக் கூண்டு போட்ட ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, ஜிப்பை இழுத்தார்கள். கால்மாட்டில் காற்று அனுப்புகிற சின்ன மெஷின். ஒருவன் அதன் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனான்.

“ஒத்திகைதானேப்பா. பேட்டரியை ஏன் வேஸ்ட் பண்ற?” என்றான் மற்றவன்.

கை திரும்பிவிட்டது.

செங்கொடி எழுந்து ஓடினாள்.

“ஐயா, அது நெசமாவே மூச்சு முட்டுதுய்யா! தொறய்யா! நெசம்யா!”

முகமூடிக் கண்ணாடி அவளைப் பார்த்தது. அவள் முகம்தான் அதில் இரண்டாகத் தெரிந்தது. இன்னொருவன் அட்டைப்பலகையில் ஏதோ எழுதிக்கொண்டான். ஒருத்தி வந்து அவள் கழுத்திலிருந்த கறுப்பைக் கழற்றி மஞ்சளை மாட்டினாள்.

“சூப்பரா பண்றீங்கம்மா. தடுப்புக் கயிறுக்கு அந்தப் பக்கம் நின்னு பண்ணுங்க.”

“நடிக்கலம்மா! உன் கால்ல வுழறேன், நெஞ்சு சளி ஆளும்மா அது, கரி யார்டு ஆளு…”

“நெசம் சார்!” என்று பின்னால் ஒரு சிவப்பு அட்டை கத்தியது. “நெசம் சார், எனுக்கும் மூச்சு முட்டுது சார்!” இன்னொரு அட்டை. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள்.

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பக்தவச்சலம் நின்றிருந்தான். “மேஸ்திரி! உனக்குத் தெரியுமில்ல? நீ சொல்லு மேஸ்திரி!” அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

இரண்டு உடுப்புகள் அவள் கையைப் பிடித்தன. ரப்பர் உறைகள் குளிர்ந்திருந்தன.

அப்போதுதான் கெங்கம்மா துணியை உதறிக்கொண்டு எழுந்தாள். தோழி தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறாளே என்று பொறுக்கவில்லை. தெருவில் எந்தச் சாவுக்கும் அவள்தான் முதல் குரல். முடியை அவிழ்த்தாள். மார்பில் அறைந்தாள்.

“ஐயோ என் ராசாவே… நீ அள்ளிப் போட்ட கரியெல்லாம் உன்ன வந்து அள்ளிக்கினு போவுதே…”

“வாணாங்க்கா!” செங்கொடி அலறினாள். “பாடாதக்கா! உசுரோட கீதுக்கா!”

“உசுரோட கீறன்னு பொய் சொல்லிட்டுப் போனியே…” கெங்கம்மா அந்தச் சொல்லையே எடுத்துப் பாட்டில் கோத்தாள். மஞ்சள் அட்டைப் பெண்கள் வட்டம் கட்டினார்கள். இருபது கை மார்பில் விழுந்தது. பந்தலில் செல்போன்கள் உயர்ந்தன. செங்கொடியின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து வந்தது அவளுக்கே கேட்கவில்லை.

கூண்டுக்குள் பீம்ராவின் வாயும் அப்படித்தான்.

திறந்தது. மூடியது. திறந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தலையை அந்தப் பக்கம் திருப்பியிருந்தான். வெள்ளைத் துணி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு துணியாக. அவளைத்தான் தேடினான். அவள் அங்கே பிணமாகப் படுத்திருக்கிறாள் என்றுதான் அவனுக்குத் தெரியும்.

“யோவ்! இங்க கீறன்யா! இந்தப் பக்கம்!”

பிளாஸ்டிக்கின் உட்பக்கம் மூச்சு பட்டு வெளுத்தது. மறைந்தது. வெளுத்தது. உள்ளங்கை அளவு. மறைந்தது.

மறுபடி. காசு அளவு.

மறுபடி.

நீண்ட விசில் ஊதியது. ஒப்பாரி பாதி வரியில் நின்றது. பந்தலில் கைதட்டினார்கள். ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு, புடவையைத் தட்டிக்கொண்டு, செத்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். அவள் கையைப் பிடித்திருந்தவன் முகமூடியைக் கழற்றினான். வியர்வையில் நனைந்த, சின்ன வயசுப் பையனின் முகம். கூண்டின் மேல் விரல் மடக்கித் தட்டினான்.

“அண்ணே, முடிஞ்சுடுச்சு. எழுந்துக்கோங்க.”

பிளாஸ்டிக்கில் இப்போது துளிகூட வெளுப்பு இல்லை. கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குள், துணி வரிசை இருந்த வெறும் தரையைப் பார்த்தபடி, பீம்ராவின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன.