பெங்களூரிலிருந்து வந்த பெட்டி

கொச்சியை அடுத்த களமசேரியில் வக்கீல் விசாலாக்ஷி அம்மாளைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டு வருவார்கள். இசக்கிசெல்வி சண்டைக்கு வந்தாள். கையிலிருந்த அட்டைப்பெட்டியை மேசைமேல் தொப்பென்று வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

"என் கொழுந்தனை உள்ள தள்ளணும். ஸ்டேஷன்ல என்ன எழுதிக் குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பக்கத்து மேசையில் இருந்த ஜூனியர் வெங்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். முப்பது தாண்டிய ஆள். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்து, தினமும் அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறவன். நுகர்வோர் வழக்குகளின் நடுவே ஒரு திருட்டு வராதா என்று இந்த 2009ஆம் வருஷம் முழுக்க ஏங்கிக்கொண்டிருந்தான்.

"எழுதறது இருக்கட்டும். முதல்ல நடந்ததைச் சொல்லு" என்றார் விசாலாக்ஷி அம்மாள்.

இசக்கிசெல்வியும் மட்டாஞ்சேரிதான். புருஷன் பேச்சிமுத்துவுக்குக் கார்ப்பரேஷனில் வேலை. மகள் அஞ்சுவின் படிப்புக்கு லேப்டாப் வேண்டியிருந்தது. புதிது வாங்க வழியில்லை. தெருமுனையில் நெட் கஃபே வைத்திருக்கும் ஷாஜிதான் யோசனை சொன்னான்: ஆபீஸ்களில் பயன்படுத்தியதைப் புதுக்கி விற்கிற பெங்களூர் கம்பெனி ஒன்று இன்டர்நெட்டில் இருக்கிறது, வாரண்டியும் உண்டு. இவளிடம் கார்டு கிடையாது. ஷாஜியே பணம் வாங்கிக்கொண்டு ஆர்டர் போட்டான். கூரியர்காரனுக்குச் சந்து தெரியாது என்பதால் பெட்டியும் அவன் கடைக்கே வந்தது.

"கொஞ்ச நாள் ஓடிச்சு. அப்புறம் போட்டதும் கொதிக்கும், பட்டுனு அணைஞ்சிரும். கம்பெனிக்கு ஷாஜி மெயில் அனுப்பினான். வந்த பதிலை அவனே படிச்சும் சொன்னான்."

அந்தப் பதிலின் அச்சுப்பிரதியை நீட்டினாள். ஏசி அறையை விட்டு நகராத லேப்டாப்பாம். வாங்கியவர்கள் உள்ளே இருந்த நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டார்களாம். வாரண்டி கிடையாது, மேலே பேசினால் போலீஸ், வழக்கென்றால் பெங்களூர் கோர்ட்டில் மட்டும். விற்றவனுடைய வாய் இவ்வளவு நீளமாக இருந்ததைப் பார்த்து வெங்கிட்டுவுக்கே எரிச்சல் வந்தது. பில்லைத் திருப்பினான். கம்பெனி பெயர் இருந்தது, பெங்களூர் என்று இருந்தது, தெருப் பெயரோ கதவு எண்ணோ இல்லை.

"உங்க வீட்ல ரிப்பேர் தெரிஞ்சவன் யாரு சேச்சின்னு ஷாஜி கேட்டான். எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. கொழுந்தன் பாண்டியராஜன் எறணாகுளத்துல மொபைல் கடையிலதான் வேலை பாக்கான். அவன் டிரங்குப் பெட்டிப் பூட்டை உடைச்சேன். உள்ள ஸ்க்ரூ டிரைவரும் என்னென்னமோ சில்லுகளும். அன்னைக்கே வெளிய தள்ளிட்டேன். இப்ப கடையிலதான் படுக்கான். நாளைக்கு நான் எழுதிக் குடுத்தா அந்தக் கடை வேலையும் போயிரும். போகட்டும்."

விசாலாக்ஷி அம்மாள் பெட்டிக்குள் குனிந்தார். உடனே தும்மினார். லேப்டாப்புக்கு அடியில் மெத்தைபோல மடித்து வைத்திருந்த சாக்குத் துண்டைத் தூக்கினார். அடுத்தடுத்துத் தும்மல். சாக்கில் நீல மையில் அடித்த நட்சத்திரத்தின் பாதி தெரிந்தது.

"இந்தச் சாக்கு யார் வச்சது?"

"அதுலயே வந்தது. யாரும் எடுக்கலை."

அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து பேட்டரியைக் கழற்றினார். உள்ளே திருகாணிகளின்மேல் கம்பெனி ஒட்டிய சீல் கிழியாமல் இருந்தது. பில்லில் இருந்த எண்தான் சீலிலும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலம்பற நாங்க அங்கே வரோம். அதுவரைக்கும் ஸ்டேஷன் பக்கம் போகாதே" என்றார்.

அவள் போனதும் வெங்கிட்டு பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "கொழுந்தன்தான் மாமி. சீலெல்லாம் ஒரு விஷயமா? சூடு காட்டினா உரிஞ்சு வரும், திரும்ப ஒட்டிடலாம். ரிப்பேர்க்காரனுக்கு இது தெரியாதா?"

"நீ முதல்ல ஜன்னலைத் திற" என்றார் அவர்.

மறுநாள் மட்டாஞ்சேரியில் மழை. சந்துக்குள் திரும்பியதும் விசாலாக்ஷி அம்மாள் குடையோடு நின்று தும்மினார்.

"ஜலதோஷம் பிடிச்சுடுத்து மாமி. ஒரு சாயா சாப்பிட்டுப் போவோமா?"

"உனக்கு இங்கே ஒண்ணும் மணக்கலையா?"

வெங்கிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தான். "மழை மணம்தான். வேறென்ன?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தபடி நடந்தார். ஒரு ஸ்கூட்டருக்குச் சாக்குப் போர்வை. வாசல்படிகளில் மிதியடியாகச் சாக்கு. எல்லாம் பக்கத்துப் பண்டகசாலை கழித்துப் போட்டவை. இதையெல்லாம் வெங்கிட்டு பிறந்த நாளாகப் பார்க்கிறான். அதனாலேயே ஒன்றையும் பார்க்கவில்லை.

இசக்கிசெல்வியின் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பேச்சிமுத்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பாண்டியராஜன் உள்ளே வர மறுத்து, கூரைத் தண்ணீர் தோளில் சொட்ட வாசலிலேயே நின்றான். வக்கீலம்மா கேட்டபடி, பண்டகசாலை முதலாளி முகமது இஸ்மாயில் பெரிய மனிதராகச் சாட்சிக்கு வந்திருந்தார். ஷாஜி எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலியைப் பிடித்திருந்தான்.

"ஷாஜி, பழைய கம்ப்யூட்டர் வியாபாரம் உனக்கு உண்டா?"

"ஏய், இல்ல மேடம். நமக்கு நெட் கஃபே மாத்ரம்."

"இந்தப் பெட்டியை நீ திறந்தியா? உள்ளே ஏதாவது வச்சியா?"

"எதுக்கு? கூரியர்காரன் கொண்டுவந்ததை அப்படியே சேச்சி கையில கொடுத்தேன். தொட்டதே இல்ல."

"நல்லது. வெங்கிட்டு, சீலைக் கிழிச்சு அடிமூடியைக் கழட்டு."

ஷாஜி பாதி எழுந்தான். "சீல் கிழிச்சால் வாரண்டி போகும் மேடம்."

"இல்லாத வாரண்டி எங்கே போகும்? உட்காரு."

வெங்கிட்டு திருகாணிகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான். உள்ளே ஒரு பாகமும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாக மாவு கொட்டியதுபோல் எல்லாவற்றையும் தூசு மூடியிருந்தது. காற்றாடி சுற்ற இடமில்லாமல் அடைத்துக் கிடந்தது. விசாலாக்ஷி அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"எல்லாரும் கிட்டே வந்து பாருங்கோ. இது வருஷக்கணக்கா படிஞ்ச தூசு. எங்கேயாவது கலைஞ்சிருக்கா? ஒரு பாகத்தை உருவியிருந்தா அந்த இடம் மட்டும் சுத்தமா இருக்கும். புதுசா ஒண்ணைச் செருகியிருந்தா அதுமேலே தூசு இருக்காது. இதுலே எவன் கையும் படலை. சீலைச் சூடு காட்டி ஒட்டலாம் வெங்கிட்டு, இந்தத் தூசை ஒட்ட முடியுமா?"

வெங்கிட்டுவுக்குக் காது சுட்டது. வாசலில் நின்றவனை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"இஸ்மாயில் பாய், இது என்ன தூசுன்னு நீங்க சொல்லுங்கோ."

இஸ்மாயில் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு நாக்கில் வைத்தார். "சுக்கு. சுண்ணாம்பு பூசிக் காய வச்ச நம்ம பண்டகசாலைச் சுக்குதான்."

"சுக்குக்கு மிஞ்சின மருந்தில்லைன்னு சொல்லுவா. எனக்கு அது ஆகாது. வாசனை பட்டாலே தும்மல். நேத்திக்குக் களமசேரியிலே இந்தப் பெட்டியைத் திறந்ததும் தும்மினேன், இன்னிக்கு உங்க சந்து முனையிலே தும்மினேன். உங்க யாருக்கும் மணக்காது. பிறந்ததிலேர்ந்து இதையேதான் மூச்சு விடறேள். இந்தக் கம்பெனிக்காரனுக்கும் மணக்கலை. வெளியே பளபளன்னு துடைச்சான், உள்ளே ஊதணும்னு தோணலை. ஏன்னா அவனும் உங்க மாதிரி இந்த ஊர்க்காரன்."

ஷாஜி சிரித்தான். சிரிப்பில் ஈரமில்லை. "இங்கேயுள்ள பழசெல்லாம் பெங்களூருக்குத்தான் போகும் மேடம். போய்த் திரும்ப வந்நிருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?"

"வாஸ்தவம். லேப்டாப் பெங்களூர் போய்த் திரும்பி வந்திருக்கலாம்." அவர் பெட்டிக்குள்ளிருந்த சாக்குத் துண்டை எடுத்து, பாதி நட்சத்திரம் மேலே தெரிய விரித்தார். "இந்தச் சாக்கும் கூடவே போயிட்டு வந்ததா?"

ஷாஜி சாக்கைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தான்.

"பெங்களூர்க்காரன் குமிழ் பிளாஸ்டிக் சுத்துவான். தட்டுமுட்டு சாமானுக்குச் சாக்கு மடிச்சு வைக்கிறது இந்தச் சந்துக்காரா பழக்கம். இது வீட்டிலே வச்ச சாக்கில்லைன்னு இவ சொன்னா. கூரியர் கொண்டுவந்ததை அப்படியே கொடுத்தேன்னு நீ சொன்னே. அப்போ கட்டினவன் யார்? சீல் ஒட்டினவன் யார்?"

"நட்சத்திரம் என் முத்திரை" என்றார் இஸ்மாயில் மெதுவாக. "ஷாஜி, ஆபீஸ் லேப்டாப் சூடாகி நின்னதும் ஆக்ரிக்குப் போடச் சொல்லி உன் கையிலதானேடா குடுத்தேன்?"

ஷாஜியின் முகம் மாறியது. ஆக்ரிக்கடையில் பழைய இரும்போடு எடைக்குப் போகவேண்டியதைத் தானே கம்பெனியாகி விற்று, தானே மிரட்டல் மெயிலும் எழுதி, அதைத் தானே படித்தும் காட்டியிருக்கிறான். "தெளிவு உண்டா? ஆதாரம் உண்டெங்கில் பெங்களூரில் போய்க் கேஸ் கொடு" என்று உறுமினான்.

"எதுக்கு அவ்வளவு தூரம்? விற்றவன் இங்கேயே உட்கார்ந்திருக்கான். எறணாகுளத்து நுகர்வோர் கோர்ட்டே போதும். மெயில்லே என்ன எழுதினாலும் அது சட்டமாயிடாது."

பேச்சிமுத்து அப்போதுதான் சுவரை விட்டு எழுந்தான். கதவை மறித்து நின்றான். ஷாஜி அவனைப் பார்த்தான், இஸ்மாயிலைப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அவன் கண்ணில் வெட்கம் இல்லை, வெறுப்புதான் இருந்தது. பணம் வந்தாலும் வழக்கு உண்டு என்று விசாலாக்ஷி அம்மாள் சொல்லி அனுப்பினார்.

இசக்கிசெல்வி வாசலுக்குப் போனாள். மன்னிப்பு என்பது அவள் வாய்க்குப் பழக்கமில்லாத சொல்.

"மழையில நிக்காத. உள்ள வா. சோறு வச்சிருக்கேன்."

பாண்டியராஜன் உள்ளே வந்தான். சோற்றுப் பக்கம் திரும்பவில்லை. மூலையில் கிடந்த தன் டிரங்குப் பெட்டியை எடுத்தான். பூட்டு இருந்த இடத்தில் தகரம் பிளந்து வளைந்திருந்தது. கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினான்.

"எவனோ ஒட்டின சீலை வக்கீலம்மா வீடு வரைக்கும் கிழிக்காமக் கொண்டு போயிருக்கீங்க, அண்ணி" என்றான். "என் பூட்டை உடைக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கினான். இசக்கிசெல்வி குடையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் ஓடினாள். கூப்பிட்டாள். அவன் சந்து திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. விரிக்காத குடையோடு அவள் அங்கேயே நின்றாள்.